கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு டீ

அவரைக் கொன்றது டீ என்று நான் சொன்னால் பக்கத்து டீக்கடைக்காரர் சண்டைக்கு வருவார். ஆனால் இரும்புலியூர் சர்வீஸ் ரோட்டில் அவரிடம் வண்டிக்கு சைலன்சர் மாட்டிக்கொண்ட யாரைக் கேட்டாலும் முதலில் அந்த டீயைப் பற்றித்தான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் கையைக்கூடக் கழுவ மாட்டார். டீக்கடைப் பக்கம் திரும்பி ஒரு விரலைக் காட்டுவார். கிளாஸில் டீ வரும். அதை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறுவார். கதவுகளைச் சாத்தி, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அந்த டீயை நிதானமாகக் குடிப்பார். மே மாதத்து வெயிலிலும் அப்படித்தான். வெளியே நிற்கிற வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், செருமுவார், கண்ணாடியைத் தட்டுவார். உள்ளே இருக்கிறவர் திரும்ப மாட்டார். டீ முடியும்போது அவர் தலை தெளிவாக இருந்தால் வண்டி உங்களுடையது. லேசாகக் கனத்தாலும் கண் கரித்தாலும் வண்டி மறுபடியும் ரிப்பேர் குழிக்குப் போய்விடும்.

பேரை எழுதப் போவதில்லை. முடிச்சூரில் அவருடைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தெருவில் எல்லோரும் சைலன்சர்காரர் என்றுதான் சொன்னார்கள். நான் அண்ணா என்று கூப்பிட்டேன், அவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருந்தும். வண்டி வைத்திருக்கிறவன் மெக்கானிக்கை அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். அது இந்தப் பக்கத்து வழக்கம்.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். என் மனைவிக்கு முதுகில் டிஸ்க் விலகிப் போனது. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. படுக்கலாம், மெதுவாக நடக்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஊர் சுற்றுகிற ஆசை மட்டும் அவளுக்கு விலகவில்லை. அதனால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றிக் களைத்துப் போன ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கினேன். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, சேலையூர் ஆசாரி ஒருவரை வைத்து பிளைவுட் கட்டில் போட்டேன். தலைமாட்டில் ஒரு பேட்டரி ஃபேன், கால்மாட்டில் ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன், ஜன்னலுக்கு அவள் பழைய புடவையில் தைத்த திரை. பள்ளிக்கூடத்தில் பசங்கள் எனக்கு கேரவன் சார் என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். அவள் படுத்துக்கொண்டே செஞ்சிக் கோட்டையையும் மரக்காணத்துக் கடலையும் பார்த்தாள்.

ஒரு சனிக்கிழமை வேடந்தாங்கல் போய்த் திரும்பும்போது வண்டி உறுமத் தொடங்கியது. கூடுவாஞ்சேரி தாண்டியதும் தலை வலிக்கிறது என்றாள். வண்டலூர் வந்தபோது வாந்தி எடுத்தாள். நான் மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதத்தின் மேல் பழியைப் போட்டேன். வேதியியல் வாத்தியார் நான். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சத்தம் பொறுக்க முடியாமல்தான் அவர் கடையில் நிறுத்தினேன். தகரக் கொட்டகை. நடுவில் சிமெண்டு பூசிய நீளமான குழி. குழிக்கு மேலே வண்டி நிற்கும், அவர் உள்ளே இறங்கி நின்று வேலை பார்ப்பார். சுவரெல்லாம் கழற்றிய பழைய சைலன்சர்கள் தொங்கின. ஒல்லியான ஆள். கழுத்தில் எப்போதும் ஈரத் துண்டு. குழிக்குள் இறங்கி ஒரு நிமிடம்தான் பார்த்தார். மேலே தலையை நீட்டினார்.

"இன்னா சார் இது, சைலன்சரா சல்லடையா? மாவு சலிக்கலாம் போல கீது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேனுக்குள் படுத்திருந்த என் மனைவியை எட்டிப் பார்த்தார்.

"யக்கா, தல வலிக்கிதா?"

"ஆமா தம்பி. வாந்தி வேற."

"வண்டிய வுட்டு எறங்குனா சரியாப் பூடுதா?"

அவள் யோசித்தாள். "ஆமா. போன தடவையும் வீட்டுக்குப் போனதும் சரியாயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. திட்டு வாங்கியிருந்தால் தேவலை. நான் அவசரமாக, இப்போதைக்கு ஓட்டைகளை மட்டும் அடைத்து ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுங்கள், அடுத்த ஞாயிறு வந்து முழுசாக மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

"ஒட்டுப் போடறவன் அந்தாண்ட பத்து பேரு கீறான். நான் போட மாட்டேன். மொத்தமா கய்ட்டி மாத்தணும். இன்னிக்கே. யக்கா இதுல இனிமே ஒரு கிலோமீட்டர் போவக் கூடாது."

அவளை ஆட்டோவில் உட்கார வைத்து அனுப்பவும் முடியாது. படுத்தே இருக்கட்டும், இன்ஜின் ஓடாதவரைக்கும் ஆபத்தில்லை என்றார். கழற்றும்போதுதான் அவருடைய இன்னொரு குணம் தெரிந்தது. துருப்பிடித்த போல்ட்டுகளை கேஸ் நெருப்புக் காட்டிச் சூடாக்கினால் கால் மணி நேரத்தில் கழன்றுவிடும். அவர் சிலிண்டரைத் தொடவே இல்லை. மேலே ஆள் படுத்திருக்கும்போது கீழே நெருப்புக் காட்ட மாட்டேன் என்று, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, இரும்பு ரம்பத்தால் ஒவ்வொன்றாக அறுத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. துரு அவர் முகத்தில் உதிர்ந்துகொண்டே இருந்தது.

அந்த இரண்டு மணி நேரமும் அவளும் அவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வேனின் தரையில் பக்கத்துக்கு ஒன்றாகத் துரு தின்ற ஓட்டைகள் இருந்தன. அவள் கட்டிலில் கவிழ்ந்து படுத்து ஓட்டை வழியாகப் பேசினாள். அவர் குழியில் நின்று மேலே பார்த்துப் பதில் சொன்னார். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினேன். அவர் சொன்னதையெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள்.

ஏன் தம்பி ஒட்டுப் போட மாட்டேன் என்கிறாய் என்று அவள் கேட்டிருக்கிறாள். ரம்பம் நின்றுவிட்டதாம்.

"போட்டேன் யக்கா, ஒரு தபா. டூரிஸ்ட் வேனு. டிரைவரு நல்ல புள்ள. சவாரி கீதுண்ணா, வந்து மாத்திக்கிறேன்னான். தகரத்த வெட்டி சுத்தி கம்பி கட்டி வுட்டேன். மலைக்கிப் போனான். குளுருதுன்னு கண்ணாடிய ஏத்திகினு, இன்ஜின ஓடவுட்டு படுத்துகினான். எய்ந்திருக்கல."

போலீஸ் கேக்கலையா தம்பி என்றாளாம் அவள்.

"நெஞ்சுவலின்னு எய்திட்டாங்க. என் தகரத்த யாரும் பாக்கல. பத்து நாளு கய்ச்சி ஓனரு வண்டிய என்கிட்டியே எட்டாந்தாரு, சவுண்டு வருது பாருன்னு. நானே என் கையால கய்ட்டுனேன் யக்கா."

அன்றைக்கு இருட்டும் வரைக்கும் அவர் வேலை பார்த்தார். எங்கள் வண்டிக்கு ரெடிமேட் சைலன்சர் எங்கேயும் கிடைக்காது. அந்த வண்டியே வருவது நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிறது. அவரே பைப்பை வளைத்து, சைலன்சர் டிரம்மை வண்டியை விட்டுத் தள்ளி வைத்துப் பற்றவைத்து, இன்ஜின் வாயில் கசிவை அடைக்கும் புது கேஸ்கெட் போட்டு, தொங்கவிடும் ரப்பர் அத்தனையும் மாற்றினார். வால் பைப்பை மட்டும் பழையபடி பின்னால் விடவில்லை. வலது பக்கமாகத் திருப்பி, வண்டியின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் நீட்டி வைத்தார்.

"படுக்கற வண்டிக்கு வாலு பின்னால வரக்கூடாது சார். ஓடற வண்டி பின்னாடி காத்து சுத்தும், பொகைய அப்படியே பின்கதவு இடுக்குல இஸ்துகினு உள்ள வுடும். பள்ளிக்கூடத்துல சொல்லித் தரமாட்டாங்களா இத?"

சொல்லித் தர மாட்டோம். பின்கதவு ரப்பரையும் மாற்றினார். தரை ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தார். பிறகு நாங்கள் இருவரும் அவளைக் கைத்தாங்கலாக இறக்கி பெஞ்சில் படுக்க வைத்தோம். அவர் ஒரு விரலைக் காட்டினார். டீயை வாங்கிக்கொண்டு வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றினார்.

அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இறங்கி வந்தவரிடம் சொன்னேன்.

"அண்ணா, நீங்க தேடற வாயுவுக்கு வாசனையே கிடையாது. கார்பன் மோனாக்சைடுன்னு பேரு. கண்ணுக்கும் தெரியாது. மூச்சுல போய் நேரா ரத்தத்துல ஏறும். இப்படி உக்காந்து பாக்கறது உடம்புக்கு ஆகாது."

"வாசன இல்லன்னா போவுது சார். தல கீதே." துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தல சொல்லும். நான் குந்தாம யக்காவ எப்டி அதுல படுக்க வெக்கிறது?"

பார்த்துக்கோங்க என்று முனகியிருப்பேன். அன்று வீடு வரைக்கும் அவள் தூங்கிக்கொண்டே வந்தாள். தலைவலி இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் உள்ளே உட்கார்ந்து எழுந்து வந்ததுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. என் படிப்பு கொடுக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் அது அடுத்தவனைக் காப்பாற்றவும் உதவவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டப் போவேன். அவரைப் பற்றி ஊரில் நல்ல பேர் என்று சொல்ல முடியாது. திமிர் பிடித்த ஆள் என்பார்கள். ஒரு நாள் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர், கோர்ட்டுக்கு நேரமாகிறது, சாவியைக் கொடு என்று கத்தினார். இவர் கண்ணாடியைக் கால்வாசி இறக்கி, "டீ முடியல சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன் ஒருவன் காரைக் கொண்டுவந்து, உள்ளே இருக்கிற டிரம்மை எடுத்துவிடுங்கள் அண்ணா, வண்டி சும்மா அதிரணும் என்றான். "சத்தம் வேணும்னா தவுலு வாங்கிக்க, போ" என்று அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் கடையைச் சாத்திவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போவார். பழைய இரும்புக் குவியலில் குந்தி, பைப்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தி, மறு முனையில் வாயை வைத்து ஊதி, எங்காவது காற்று கசிகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்ப்பார். கூட்டம் வேடிக்கை பார்க்கும். அவருக்குக் கவலை இல்லை. நான் ஒரு தடவை கூடப் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வண்டிகள் கூரை வரைக்கும் முழுகிக் கிடந்தன. அவருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு சைலன்சராகத் துரு தின்ன ஆரம்பித்தது. அவர் கடையிலிருந்து பாலம் வரைக்கும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தனி ஆள். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு டீ. இவ்வளவு டீ குடித்தால் வயிறு என்னத்துக்கு ஆகும் என்று டீக்கடைக்காரர் அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார். "அர டீக்கு அர டெஸ்டுதான் ஆவும், ரொப்பு" என்று திருப்பி நீட்டினார். எங்கள் எல்லோருக்கும் வயிற்றைப் பற்றித்தான் கவலை.

அந்த வருடம்தான் கழுத்துத் துண்டு தலைக்கு ஏறியது. நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார். சட்டைப் பையில் தலைவலி மாத்திரை அட்டை. "காலைல எய்ந்திருக்கும்போதே மண்ட பாறாங்கல்லு கணக்கா கீது சார், மழக்காத்து ஒத்துக்கல" என்றார். என் மனைவியிடம், "யக்கா, முதுகுல இன்னா ஆச்சு?" என்று புதிதாகக் கேட்டார். அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள், ஒரு வார்த்தை குறைக்காமல்.

ஒரு நாள் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேனை முடித்து, டீயோடு உள்ளே உட்கார்ந்து, குடித்துவிட்டு இறங்கினார். காலி கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். குழிப் பக்கம் போனார், நின்றார், எதையோ தேடுகிற மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார். திரும்பி டீக்கடையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். அதே வேனுக்குள் மறுபடியும் ஏறிக் கண்ணாடியை ஏற்றினார். டீக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் பதினொன்றாம் வகுப்பில் அந்த வாயுவைப் பற்றிய பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இந்த வாயு போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனைவிடப் பல மடங்கு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், லேசில் இறங்காது என்று கரும்பலகையில் படம் போட்டேன். முன் பெஞ்சுப் பெண் கேட்டாள்.

"சார், ஒரேயடியா போகாம தினமும் கொஞ்சம் கொஞ்சமா போனா?"

"தலை எப்பவும் கனக்கும். ஞாபகம் மங்கும். குணமே மாறும். மூளை கெட்டுப்போகலாம்மா."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சாயந்திரம் அவர் கடைக்குப் போனேன். ஒரு தொங்கு ரப்பர் அறுந்திருந்தது. மாற்றினார். டீ சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். வகுப்பில் சொன்னதை அங்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் உட்காருவதை நிறுத்திவிடுவார், அதற்குப் பிறகு எந்த நம்பிக்கையில் என் மனைவியை வேனில் படுக்க வைப்பது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இப்படிப் பச்சையாக அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் அதுதான்.

என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாயு கசிந்தால் கத்துகிற ஒரு சின்னக் கருவியை ஆன்லைனில் வாங்கி எங்கள் வேனில் அவள் தலைமாட்டில் ஒட்டினேன். அடுத்த தடவை அதை அவரே பார்த்துவிட்டார்.

"இன்னா சார் இது, கடியாரமா?"

சொன்னேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். விரலால் தொடாமல் பார்த்தார்.

"இது இருந்தா நான் குந்த வேணாம், இல்ல?"

"வேண்டாம்ணா."

"எனுக்கு ஒண்ணு வாங்கித் தாங்க சார். தல இப்பல்லாம் ஒயுங்கா சொல்ல மாட்டேங்குது."

இன்றைக்கே ஆர்டர் போடுகிறேன் என்றேன். அன்றைக்கு மறந்துவிட்டது. அப்புறம் பொதுத்தேர்வு வந்தது, மேற்பார்வை, விடைத்தாள், அப்புறம் அவளுக்குப் பிசியோதெரபி. செல்போனில் இரண்டு நிமிட வேலை. இரண்டு மாதத்தில் எனக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை. அவர் நினைவூட்டவும் இல்லை. கேட்டதே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

அது நடந்தபோது நான் அங்கே இல்லை. டீக்கடைக்காரர் சொன்னதுதான். ஒரு பழைய கார். வண்டிக்காரர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கடையில் பஜ்ஜிக்குக் கூட்டம். மழைத் தூறல் என்று இவர் காரைக் கொட்டகைக்குள்ளேயே நிறுத்தி, ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருக்கிறார். இன்னும் கிளாஸ் வரவில்லையே என்று டீக்கடைக்காரர் குனிந்து போய்ப் பார்த்தால், சீட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறார், கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை. கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்ததாம்.

டாக்டர்கள் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு நடந்தே போனார். எல்லோரும் கும்பிட்டோம். மூன்று வாரம் கழித்து கை நடுங்க ஆரம்பித்தது. காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு தேய்ந்தது. இந்த விஷம் அப்படித்தான், விட்டுவிட்டதுபோல் காட்டிவிட்டுத் திரும்பி வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. தலை சொல்லும் என்று நம்பினார். தினம் தினம் கனத்துக்கொண்டே இருக்கிற தலைக்கு எது புதுக் கனம், எது பழைய கனம் என்று எப்படித் தெரியும்? அளக்கிற தராசையே அரித்துவிட்டது. இது எனக்கு அப்போதே தெரியும்.

அவர் இறந்துபோவதற்கு ஒரு மாதம் முன்பு முடிச்சூருக்குப் பார்க்கப் போனேன். மனைவியும் வந்தாள். சந்து குறுகல் என்பதால் வேனை முனையிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் அவளால் நடக்க முடியவில்லை, வண்டியிலேயே படுத்துக்கொண்டாள். நீ போய்ப் பாரு, யக்கா கேட்டாங்கன்னு சொல்லு என்றாள்.

வெள்ளம் நின்ற கோடு சுவரில் இடுப்பு உயரத்துக்கு இன்னும் இருந்தது. நைலான் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் சிரிப்பு, கோபம் எதுவும் ஓடவில்லை. அவருடைய மனைவி ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர், அன்றைக்கு லீவு போட்டிருந்தார். எனக்கு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கணவர் சட்டையில் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நான் கொண்டுபோன பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தேன்.

"சார், நீங்க வாத்தியாரு. ஒங்களக் கேக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார் அந்த அம்மாள். "இந்தப் பொகதான் கொஞ்சம் கொஞ்சமா மூளைய தின்னுட்டுதுன்னு டாக்டரு சொல்றாரு. வாசனயே இருக்காதாமே. எனுக்கு ஒண்ணியும் தெர்ல சார். மண்ட வலி மண்ட வலின்னு வருவாரு, தைலம் தேச்சி வுட்டுகினு இருந்தேன். தெரிஞ்சிருந்தா கால்ல வியுந்தாச்சும் நிறுத்தியிருப்பேன். இதெல்லாம் படிச்சவங்களுக்கு மொதல்லியே தெரியுமா சார்? ஒங்களுக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியாதும்மா" என்றேன்.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. நான் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளித் தள்ளிப் பேசினார்.

"சாரு... சொன்னாரு. மொத நாளே... சொன்னாரு. நான்தான்... கேக்கல."

என்னைக் காப்பாற்றத்தான் அவர் அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு தபாதான் சொன்னீங்களா சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.